இருபது சொல் வேண்டாம், ஒரு வழக்கு போதும்

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டுப் பக்கங்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். தேதி போட்டு, சிவப்பு மையில் ஆங்கிலச் சொல், நீல மையில் தமிழ்ப் பொருள், நாளொன்றுக்கு இருபது. எழுத்து மணிமணியாக இருக்கிறது. "எழுதும்போது தெரிகிறது அத்தை, ஒரு வாரம் கழித்துப் புரட்டினால் வேறு யாரோ எழுதிய நோட்டு மாதிரி இருக்கிறது" என்கிறாய். "பேங்க் பரீட்சைக்கு இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படி என்கிறார்கள். திறந்தால் ஊழல், லஞ்சம், சிபிஐ. இதையெல்லாம் படித்து நான் என்ன செய்யப்போகிறேன்?" என்றும் கேட்டிருக்கிறாய்.

உன் நினைவாற்றலில் குறை ஒன்றும் இல்லை. தலையங்கத்தில் அந்தச் சொல்லை யார், யாரைப் பற்றி, எதற்காகச் சொன்னார்கள் என்பதை உன் நோட்டு கழற்றி எறிந்துவிட்டது. வழியில் போகிறவர்கள் இருபது பேரின் பெயரை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தால் எத்தனை நாள் நிற்கும்? நீ அலுத்துக்கொள்ளும் ஊழல் தலையங்கங்கள்தான் சொல் கற்பதற்கு மிகவும் ஏற்றவை என்பது என் எண்ணம். மழையைப் பற்றிய தலையங்கத்தில் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்று விழுந்தால் பெரிய நட்டமில்லை. ஊழல் தலையங்கத்தில் ஒரு சொல் மாறினால் ஒரு மனிதரின் நிலையே மாறிவிடும். அதனால் எழுதுகிறவர்கள் சொல்லைத் தேர்ந்து போடுகிறார்கள். நாமும் தேர்ந்து படிக்கவேண்டியிருக்கிறது.

இதை நான் ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. உன்னைப்போல் நானும் தமிழ் மீடியம். கோர்ட்டில் தட்டச்சராகச் சேர்ந்து பெஞ்ச் கிளார்க்காக ஓய்வு பெற்றவள். எனக்கு வந்த ஆங்கிலம் முழுவதும் வழக்குக் கட்டுகளிலிருந்து வந்தது. அந்தக் கட்டுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஆள் உண்டு, ஒரு தேதி உண்டு.

உன் நோட்டையே எடுத்துக்கொள். ஒரு பக்கத்தில் 'சாங்க்‌ஷன்' என்று எழுதி 'தடை' என்று பொருள் போட்டிருக்கிறாய். நாலு பக்கம் தள்ளி அதே சொல்லுக்கு 'அனுமதி' என்று இருக்கிறது. டெலிகிராம் குழுவில் வரும் பட்டியலில் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டும் சரி. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எப்படிப் பிரித்தறிவாய்? வழக்கிலிருந்து அறியலாம். அரசு ஊழியர் ஒருவர்மேல் லஞ்ச வழக்கு நடத்தவேண்டுமென்றால், அவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ளவரிடம் முன் அனுமதி வாங்கவேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. அந்த அனுமதிக்குப் பெயர் 'சாங்க்‌ஷன்'. அமைச்சராக இருந்த ஆ. இராசாமீது வழக்குத் தொடர இந்த அனுமதி கேட்டு சுப்பிரமணியன் சுவாமி 2008 நவம்பரில் பிரதமருக்கு எழுதினார். பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்தத் தாமதம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2012 ஜனவரி 31 அன்று தீர்ப்பாகியது. இந்தக் கதையோடு அந்தச் சொல் உனக்குள் போனால், ரஷ்யாமீது 'சாங்க்‌ஷன்ஸ்' என்று வேறொரு செய்தியில் வரும்போது இது அதுவல்ல என்று உனக்கே தோன்றிவிடும்.

சொல் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பொருள் கொள்வதற்கு உன் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. யாதவப்பிரகாசரிடம் இராமாநுசர் பாடம் கேட்டது திருப்புட்குழியில்தான் என்பது வைணவ மரபு. சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் 'கப்யாஸம்' என்ற சொல்லுக்கு ஆசிரியர் குரங்கின் பின்புறம் என்று பொருள் சொல்ல, அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த மாணவர் கண்ணீர் விட்டாராம். இறைவனின் கண்ணுக்கு உவமையாக வரும் இடத்தில் அந்தப் பொருள் எப்படிப் பொருந்தும், கதிரவனால் மலர்ந்த தாமரை என்றல்லவா கொள்ளவேண்டும் என்றாராம். அகராதிப் பொருளோடு நின்றுவிடாமல், அந்த இடத்தில் அது எதைச் சொல்ல வந்தது என்று அவர் பார்த்தார். நீயும் விஜயராகவப் பெருமாள் கோயில் குளத்தைத் தாண்டித்தானே தினமும் பஸ் ஏறப் போகிறாய்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நாளுக்கு இருபது சொல் என்பதை விட்டுவிடு. ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள். அது தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள்வரை வந்த தலையங்கங்களைத் தேதி வாரியாகத் தேடிப் படி. இணையத்தில் பழைய தலையங்கங்கள் கிடைக்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு, உனக்கு நன்றாகத் தெரிந்த சொத்துக் குவிப்பு வழக்கு. தமிழில் நாம் 'சொத்துக் குவிப்பு' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது 'டிஸ்ப்ரொபோர்ஷனேட் அசெட்ஸ்', அதாவது தெரிந்த வருமானத்தோடு பொருந்தாத சொத்து. எவ்வளவு குவித்தார் என்பதோடு வழக்கு நிற்பதில்லை; வருமானத்துக்கும் சொத்துக்கும் உள்ள விகிதம்தான் கேள்வி. ஜெயலலிதா முதல்வராக இருந்த 1991 முதல் 1996 வரையிலான காலத்தில் 66.65 கோடி ரூபாய்ச் சொத்து அப்படிச் சேர்ந்தது என்பது குற்றச்சாட்டு. இந்தக் கட்டத்தில் தலையங்கத்தில் நீ பார்க்கும் சொல் 'அலெஜ்டு'. அதாவது ஒருவர் சொல்கிறார், இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அதற்கு அடுத்தது 'ப்ரைமா ஃபேஸி'. இதைக் கண்டு பயப்படாதே. கோர்ட்டில் நாங்கள் 'முகாந்திரம்' என்போம். மேலோட்டமாகப் பார்த்தால் விசாரிக்க இடமிருக்கிறது என்பதோடு சரி. ஜாமீன், வாய்தா, மேல்முறையீடு, தள்ளுபடி என்று நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் எத்தனை சொல் புழங்குகிறது. ஒரு நிலத் தகராறு வந்த வீட்டில் எல்லோருக்கும் இவை தெரியும். புதிதாகப் படிக்கிறோம் என்று நினைக்காதே, தெரிந்த ஒன்றுக்கு இன்னொரு பெயர் கற்கிறாய்.

2003இல் வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. பெங்களூரு தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா 2014 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பளித்தார். நான்கு ஆண்டு சிறை, ஜெயலலிதாவுக்கு மட்டும் 100 கோடி ரூபாய் அபராதம். மறுநாள் தலையங்கங்களில் 'அலெஜ்டு' காணாமல் போய் 'கன்விக்டட்' வந்தது. தீர்ப்பு வந்த அன்றே ஜெயலலிதா பதவி இழந்தார். காரணம் 2013 ஜூலையில் வந்த லில்லி தாமஸ் தீர்ப்பு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற உறுப்பினர் உடனே தகுதி இழப்பார் என்றது அது. இங்கே உனக்குக் கிடைப்பது 'டிஸ்குவாலிஃபிகேஷன்'.

அடுத்த கட்டத்தை நிறுத்திப் படி. 2014 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்து, தண்டனையை 'சஸ்பெண்ட்' செய்தது. நிறுத்திவைக்கப்பட்டது தண்டனை. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது. அதனால்தான் வெளியே வந்த பிறகும் அவர் முதல்வர் நாற்காலிக்குத் திரும்ப முடியவில்லை, அவருக்குப் பதில் முதல்வரான ஓ. பன்னீர்செல்வமே தொடர்ந்தார். 'கன்விக்‌ஷன்' என்பதும் 'சென்டன்ஸ்' என்பதும் வேறு வேறு. நீ உன் நோட்டில் இரண்டுக்கும் 'தண்டனை' என்று எழுதியிருக்கிறாய். ஒரு மாநிலத்தின் ஆட்சி அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் எட்டு மாதம் நின்றது.

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் 'அக்விட்' செய்தது, அதாவது விடுதலை. வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து 8.12 சதவீதம்தான், பத்து சதவீதம்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் ஒரு பட்டியல். அதிலுள்ள கடன்களின் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று போட்டிருந்தது. அரசுத் தரப்பு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வந்தது. அந்த ஒரு கூட்டலைச் சரிசெய்தால் எட்டு சதவீதம் எழுபது சதவீதத்தைத் தாண்டிவிடும் என்றார்கள். அந்த வாரத் தலையங்கங்களில் 'அரித்மெட்டிகல் எரர்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டில் வரும் சொல் ஒரு பெரிய வழக்கின் நடுவில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அது இந்தப் பிறவியில் மறக்காது.

கடைசியில், 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் பெங்களூருத் தீர்ப்பை 'ரெஸ்டோர்' செய்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா உள்ளிட்ட மூவர் சிறைக்குப் போனார்கள். ஆனால் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்றே காலமாகிவிட்டார். அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு 'அபேட்' ஆனது என்று எழுதினார்கள். புயல் தணிந்தது என்பதற்கும் இதே சொல்தான். சட்டத்தில், ஆள் இல்லாததால் வழக்கு அற்றுப்போவது. இது அவரைக் குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை, தண்டிக்கவும் இல்லை. நம் வீட்டில் இதைப் பற்றி எவ்வளவு சண்டை நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும். இரண்டு பக்கமும் கத்தினார்கள். அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டிருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

எண்ணிப்பார், ஒரே வழக்கில் எத்தனை சொல் வந்துவிட்டது. எதையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை, ஒன்றை இழுத்தால் அடுத்தது வரும்.

ஒரு கட்சியின் வழக்கை மட்டும் படித்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் இரண்டாவதாக, முன்பு சொன்ன ஆ. இராசாமீதான 2ஜி அலைக்கற்றை வழக்கைப் படி. இதில் நீ கவனிக்கவேண்டிய சொல் ஒன்றே ஒன்று: 'ப்ரிசம்ப்டிவ்'. 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அதில் சொன்னது 'ப்ரிசம்ப்டிவ் லாஸ்', அதாவது இப்படி விற்றிருந்தால் இவ்வளவு வந்திருக்கும் என்று கணித்துச் சொல்லும் இழப்பு. அறிக்கையிலேயே பல கணக்குகள் இருந்தன. குறைந்தது 57,666 கோடி, கூடியது 1,76,645 கோடி. தெருவுக்கு வந்து சேர்ந்தது கூடிய எண் மட்டும். 'ப்ரிசம்ப்டிவ்' வழியிலேயே விழுந்துவிட்டது. ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே டீக்கடையில் பேசினார்கள். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. ஒதுக்கிய முறை 'ஆர்பிட்ரரி', முறையின்றி மனம்போனபடி நடந்தது என்றது. 2017 டிசம்பர் 21 அன்று தனி நீதிமன்றம், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று எல்லோரையும் விடுதலை செய்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை விசாரிக்கத் தில்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் அனுமதித்தது. உரிமம் கொடுத்த முறை தவறு என்பதும், கொடுத்தவர் குற்றவாளி என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டு தீர்ப்பையும் ஒட்டி வந்த தலையங்கங்களை அருகருகே வைத்துப் படி.

இன்னொன்று சொல்லவேண்டும். தலையங்கம் தீர்ப்பு கிடையாது, அது ஒருவருடைய வாதம். அதில் வரும் வினைச்சொற்கள் பெரும்பாலும் வழக்கிலிருந்து வருகின்றன: குற்றம் சாட்டினார், விடுவித்தார், ரத்து செய்தார். அடைமொழிகள் எழுதுகிறவருடையவை. 'ப்ரேசன்' என்றால் வெட்கமில்லாமல் பகிரங்கமாகச் செய்தது. 'மர்க்கி' என்றால் கலங்கலானது. 'ஈக்ரீஜியஸ்' என்றால் பொறுக்கமுடியாத அளவுக்கு மோசமானது. இரண்டு நிற மை வைத்திருக்கிறாய் அல்லவா? வினைச்சொல்லுக்கு நீலம், அடைமொழிக்குச் சிவப்பு என்று கோடு போட்டுப் படி. சிவப்புக் கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பார். என்ன நடந்தது என்பது மட்டும் மிஞ்சும். பிறகு சிவப்பை மட்டும் படி; எழுதியவரின் மனம் தெரியும். பரீட்சையில் பத்தி கொடுத்துவிட்டு 'ஆசிரியரின் தொனி என்ன' என்று கேட்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலம் கடினமாக இருக்கும் நாளில், அதே செய்திக்கு தினமணியோ இந்து தமிழோ என்ன தலையங்கம் எழுதியிருக்கிறது என்று முதலில் படித்துவிடு. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1878இல் சென்னையில் இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்துதான் 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் முதல் இதழ் எண்பது பிரதி அச்சானது. முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் தாக்கியதற்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது, அதற்காகத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் நாலு வருடத்தில் 'சுதேசமித்திரன்' தொடங்கித் தமிழுக்கும் வந்தார். அவருக்கு இரண்டு மொழியும் ஒரே வேலைக்குப் பயன்பட்டன.

'இதைப் படித்து என்ன செய்யப்போகிறேன்' என்றாயே, அதற்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் வந்து என்னையும் கூட்டிக்கொண்டு உத்திரமேரூர் போகலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919ஆம் ஆண்டு ஒன்று, 921ஆம் ஆண்டு ஒன்று. குடவோலைத் தேர்தலுக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பது அதில் இருக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று எந்த வாரியத்திலாவது இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது. அவனோடு நிற்கவில்லை கண்ணு. அவனுடைய சிற்றன்னை பிள்ளைகள், பெரியன்னை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள் என்று உறவுமுறையை வரிசையாக அடுக்கி அவர்களும் கூடாது என்கிறது. அத்தை பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் உண்டு! பினாமியின் வழியை ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே யாரோ உட்கார்ந்து யோசித்து அடைத்திருக்கிறார்கள். பிராமண ஊர், நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டுமே நிற்கலாம். நீயும் நானும் அந்தக் குடத்தின் பக்கமே போயிருக்க முடியாது. அதை மறைத்துப் பெருமை பேசவேண்டியதில்லை. ஆனாலும் கணக்குக் காட்டு என்று கேட்டது இந்த மண்ணில்தான் நடந்தது. உன் நோட்டில் 'அக்கவுண்டபிலிட்டி' என்பதற்குப் 'பொறுப்புடைமை' என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிட்டுக் 'கணக்குக் காட்டும் கடமை' என்று எழுது.

உன் ஊராட்சியில் கிராம சபை கூடும்போது வரவு செலவு அறிக்கை வைப்பார்கள். அக்டோபர் 2க்கு ஒருமுறை போய் உட்கார். 'டெண்டர்', 'எஸ்டிமேட்', 'ஆடிட் அப்ஜெக்‌ஷன்' என்று நீ தலையங்கத்தில் பார்க்கும் சொற்கள் அங்கே தமிழ் எழுத்தில் கிடக்கும். தணிக்கைத் தடை என்றால் என்ன என்று எழுந்து கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. தில்லியில் நடந்த ஊழலைப் படித்து நீ கற்ற சொல் தெருவிளக்குக் கணக்கைப் படிக்க உதவினால், பேங்க் பரீட்சை முடிந்த பிறகும் அந்தச் சொல் உன்னிடம் இருக்கும்.

எழுதுவதை விட்டுவிடாதே. தலையங்கம் ஒன்றைப் படித்து முடித்ததும் பேப்பரை மூடிவிட்டு, என்ன நடந்தது என்பதை உன் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுது. இலக்கணம் தப்பினால் தப்பட்டும். 'அக்யூஸ்ட்' போடவேண்டிய இடத்தில் 'கன்விக்ட்' போட்டுவிடாதே. அதை மட்டும் நான் விடமாட்டேன்.

இப்படி எழுதிப் பழக முதலில் எதை எடுப்பது என்று குழம்பவேண்டாம். சீதா சோரன் வழக்கை எடு. லஞ்சம் வாங்கி அதன்படி அவையில் வாக்களித்த உறுப்பினர்மீது வழக்குத் தொடர முடியாது என்று 1998இல் நரசிம்ம ராவ் வழக்கில் வந்த தீர்ப்பை, 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு 'ஓவர்ரூல்' செய்தது. அடுத்த இரண்டு மூன்று நாள் வந்த தலையங்கங்களைத் தேடிப் பிடி. 'இம்யூனிட்டி' என்று ஒரு சொல் நிச்சயம் வரும், சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு என்று பொருள். 'இம்ப்யூனிட்டி' என்று இன்னொன்றும் கண்ணில் படலாம், தண்டனை பற்றிய பயமே இல்லாத நிலை. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் வைத்து ஐந்து வரி எழுதி அனுப்பு. சனிக்கிழமைக்குள் வந்தால் திருத்தி ஞாயிறு காலையில் அனுப்பிவிடுகிறேன். அம்மாவை முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
அத்தை